இருபது படித் தண்ணீர்

மேலூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் தோட்டத்தில் ஒரு கிணறு உண்டு. மேலே இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண்ணும் சரளையும். அதற்குக் கீழே முழுக்கப் பாறை. தாத்தா காலத்தில் வெடி வைத்து உடைத்து, கல்லைக் கூடையில் கட்டி மேலே இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிய கிணறு. சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும் கற்கள்தான் படி. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய ஓரடி இருக்கும். பெரியப்பா கிணற்று நீரை அடியிலும் சொல்ல மாட்டார், மீட்டரிலும் சொல்ல மாட்டார். "முப்பதாம் படியில கெடக்கு", "பத்தாம் படிக்கு வந்துருச்சு" என்றுதான் சொல்வார்.

கோடையில் அந்தக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தால் பாறைச் சுவரில் சாய்வாகவும் நெட்டாகவும் ஓடும் கோடுகள் தெரியும். பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய வெடிப்புகள். மழைக்காலத்தில் அதே கோடுகளிலிருந்து தண்ணீர் கசியும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விரல் தடிமனுக்கு ஊற்றாகவே விழும். கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தால் பாறை காய்ந்தே இருக்கும். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் என்பது இந்தக் கோடுகளுக்குள் இருக்கும் தண்ணீர்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள உறவில் பாதி புரிந்துவிடும்.

2021-ஆம் ஆண்டு ஐப்பசியும் கார்த்திகையும் தமிழ்நாட்டுக்கே மறக்க முடியாத மழை. பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் போனது. எங்கள் கிணற்றில் தண்ணீர் இருபது படி ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது: நவம்பர் 29 அதிகாலை 4.17 மணிக்கு, வேலூருக்கு மேற்கு தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில், 3.6 அளவில் நிலநடுக்கம் என்று தேசிய நில அதிர்வு மையம் அறிவித்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடி வந்திருந்தார்கள்.

பெரியப்பா போனில் கேட்டார். "ஏப்பா, வேலூர்ப் பக்கம் பூமி ஆடிருச்சாமே. மழை கூடிப்போனா ஆடும்னு டீக்கடையில பேசிக்கிறாய்ங்க. நெசமா?"

"அதெல்லாம் சும்மா சொல்றாங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. டீக்கடையில் கேட்ட கேள்வியைத்தான் அறிவியலாளர்கள் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலில் ஆமாம் என்பதும் இருக்கிறது, இல்லை என்பதும் இருக்கிறது. எது எங்கே பொருந்தும் என்பதுதான் விஷயம்.

நிலநடுக்கத்துக்கான ஆற்றல் மழையிலிருந்து வருவதே இல்லை. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்குதலின் பெரும்பகுதியை இமயமலை தாங்குகிறது. கொஞ்சம் தீபகற்பத்தின் பாறைக்குள்ளும் ஏறுகிறது. பாறைக்குள் பழைய பிளவுகள் உண்டு. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று தாண்டி நகரப் பார்க்கும், உராய்வு விடாது. மேலே கிடக்கும் கிலோமீட்டர் கணக்கான பாறையின் எடையும் இரு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருக்கும். ஆண்டுக் கணக்கில், நூற்றாண்டுக் கணக்கில், விசை சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் உராய்வு தோற்றுப்போகும். அந்தச் சில நொடிகள்தான் நிலநடுக்கம்.

இதில் தண்ணீருக்கு என்ன வேலை? காலை நேரத்தில் மதுரையில் ஏதாவது ஓட்டலுக்குப் போய் உட்காருங்கள். மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சுடுதண்ணீரில் கழுவிய டம்ளரை அப்படியே கவிழ்த்து வைத்தால், சில நேரம் அது யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போகும். உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து டம்ளரை ஒரு மயிரிழை தூக்குகிறது. விளிம்பில் இருக்கும் நீர்ப்படலம் அந்தக் காற்றை வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது. டம்ளரின் எடை குறையவில்லை. மேசைமீது அது அழுத்தும் அழுத்தம் குறைந்துவிட்டது. அதனால் உராய்வும் குறைந்துவிட்டது. 1959-இல் ஹப்பர்ட், ரூபி என்ற இரண்டு அமெரிக்க நிலவியலாளர்கள் இதே தத்துவத்தை ஒரு காலி பீர் டப்பாவையும் ஈரக் கண்ணாடிப் பலகையையும் வைத்து விளக்கினார்கள். மலை அளவு பாறைகள் எப்படி மைல் கணக்கில் நகர்ந்தன என்ற பெரிய புதிருக்கு அவர்கள் தந்த விடை அது.

தண்ணீர் எண்ணெய் மாதிரி வழுக்கிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிளவுக்குள் நடப்பது வேறு. அங்கே நிறைந்திருக்கும் நீரின் அழுத்தம் இரு பக்கப் பாறையையும் வெளிப்பக்கம் தள்ளுகிறது. இறுக்கிப் பிடித்திருந்த பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது. ஏற்கெனவே நழுவுகிற நிலையில் இருக்கும் பிளவு என்றால் அந்தத் தளர்வே போதும். இதைத் துளைநீர் அழுத்தம் என்கிறார்கள்.

மழை இன்னொரு வழியிலும் பூமியைத் தொடுகிறது: எடையால். ஆனால் கணக்குப் போட்டால் அது சொற்பம். 10 செ.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. அழுத்தமாகச் சொன்னால் ஒரு பாரில் நூறில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே சுமார் 270 பார் அழுத்திக்கொண்டிருக்கும்போது இது எம்மாத்திரம்! பெய்த மழை அப்படியே தரையில் தேங்கி நின்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

முடியாததற்குக் காரணம் பெரியப்பாவின் கிணற்றில் இருக்கிறது. மதுரை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மி.மீ. மழை. அதில் பெரும்பகுதி ஓடிவிடும், ஆவியாகிவிடும். எங்கள் மாதிரிப் பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே பெரிது. 85 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணலாக இருந்தால் அந்தத் தண்ணீர் மணல் துகள்களின் இடைவெளியில் பரவிப் படுத்துக்கொள்ளும். நீர்மட்டம் ஒரு முழம் ஏறினால் அதிகம். பாறையில் இடமே கிடையாது. நூறு பங்கு பாறைக்கு ஒன்றரைப் பங்குதான் வெடிப்பு. 85 மி.மீ. தண்ணீரும் அந்தக் கோடுகளுக்குள்தான் நின்றாக வேண்டும். அகலம் இல்லாத இடத்தில் தண்ணீர் உயரத்தில்தான் போகும். வகுத்துப் பாருங்கள்: 5.7 மீட்டர் வருகிறது. அடியில் சொன்னால் பத்தொன்பது.

காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரியப்பா சொன்ன இருபது படி!

5.7 மீட்டர் உயரத் தண்ணீர் அரை பாருக்குச் சற்று அதிகமான அழுத்தம். பைக் டயரில் நாம் அடிக்கும் முப்பது பி.எஸ்.ஐ. காற்றில் கால் பங்குக்கு மேல். நழுவும் நிலையில் இருக்கும் பிளவை அசைக்கப் பத்தில் ஒரு பங்கு பார் அழுத்த மாற்றமே போதும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, தரைமீது விழும்போது ஒன்றுமில்லாத மழை, இறுகிய பாறையின் கோடுகளுக்குள் புகுந்ததும் அழுத்தத்தில் பல மடங்காகிவிடுகிறது. மண்ணைவிடப் பாறைதான் மழையை அதிகமாக உணர்கிறது.

சரி, இது நூறு அடிக் கிணறு. நிலநடுக்கம் கிலோமீட்டர் ஆழத்தில் அல்லவா நடக்கிறது? மழைத்தண்ணீர் அங்கே போய்ச் சேர எத்தனை காலம் ஆகும்? இந்த வருடம் பெய்த தண்ணீரே அங்கே போக வேண்டியதில்லை. வயலுக்குப் போகும் நீளமான பைப்பில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால், மோட்டாரைப் போட்ட மாத்திரத்தில் மறுமுனையில் கொட்டும். கிணற்றுத் தண்ணீர் அங்கே போய்விட்டதாக அர்த்தமில்லை, தள்ளல்தான் போனது. ஆழத்தில் வெடிப்புகள் தொடர்ச்சியாக இருந்து, அவற்றில் பழைய நீர் நிறைந்திருந்தால், மேலே ஏறிய மட்டத்தின் அழுத்தம் கீழே பரவும். ஆனால் பாறை வெடிப்பு பிவிசி பைப் ஆகாது. நெருக்கமும் சுற்றுவழியுமாக இருப்பதால் அழுத்தம் மெதுவாகப் பரவும், போகப்போக மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். நன்றாக வெடித்த பாறையில் நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு இரண்டு வாரம் ஆகலாம். இறுகிய பாறையில் மாதங்கள், ஆண்டுகள். போர் போடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கம். "கேப்" என்று அவர்கள் சொல்லும் வெடிப்பு கிடைத்த இடத்தில் அறுநூறு அடியில் தண்ணீர் பீய்ச்சும்; இருபதடி தள்ளிப் போட்டால் ஆயிரம் அடி வரை வெறும் புகைதான் வரும்.

இதெல்லாம் மேசைமேல் போட்ட கணக்கு. மண்ணில் நடந்ததா? நடந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் ஹோக்ஸ்டாவுஃபன் என்று ஒரு மலை. சுண்ணாம்புப் பாறை மலை. உள்ளே வெடிப்பும் குகையுமாக இருக்கும். 2002-இல் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அங்கே கடும் மழை. அந்த ஓராண்டில் மட்டும் மலைக்கடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய அதிர்வுகள் பதிவாயின. மழை பெய்து சில நாள் கழித்து அதிர்வுகள் தொடங்குவதையும், அவை மேலிருந்து கீழாக, நாலு கிலோமீட்டர் ஆழம் வரை படிப்படியாக இறங்குவதையும் செபாஸ்டியன் ஹைன்ஸ்லும் அவரது குழுவினரும் 2006-இல் வெளியிட்டார்கள். தினசரி மழை அளவை மட்டும் கொடுத்து, அழுத்தம் பரவும் சமன்பாட்டை ஓட்டினால் அதிர்வுகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும் விதம் கிட்டத்தட்ட அப்படியே வந்தது. அதிர்வுகள் எல்லாம் சின்னவை. பெரியதுகூட ரிக்டர் 2.4-தான். மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள தொடர்பில் இதுவரை கிடைத்த தெளிவான சான்றுகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

அதற்கு முன்பே அமெரிக்காவின் டென்வர் அருகே மனிதர்கள் தெரியாமலே ஒரு பரிசோதனை செய்திருந்தார்கள். 1962 முதல் ராணுவ ஆலைக் கழிவுநீரைச் சுமார் 3.6 கி.மீ. ஆழக் குழாயில் செலுத்தினார்கள். பெரிதாக நிலநடுக்கமே அறியாத ஊர் ஆடத் தொடங்கியது. 1966-இல் நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை, எல்லாவற்றிலும் பெரிய அதிர்வு நிறுத்திய பிறகு, 1967 ஆகஸ்டில் வந்தது. உள்ளே ஏறிய அழுத்தம் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதே 1967-இல்தான் நம் நாட்டின் துயரமும். மகாராஷ்டிரத்தின் கொய்னா. மேற்குத் தொடர்ச்சி மலையில் 103 மீட்டர் உயர அணை கட்டி 1962-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். சிறு அதிர்வுகள் தொடங்கின. 1967 டிசம்பர் 11 விடியற்காலை 4.21 மணிக்கு 6.3 அளவில் பூமி உடைந்தது. கொய்னா நகரில் சுமார் 180 பேர் இறந்தார்கள். நீர்த்தேக்கத்தால் தூண்டப்பட்ட நிலநடுக்கங்களில் இன்றுவரை உலகிலேயே பெரியதாகக் கருதப்படுவது அதுதான். அதன் பிறகும் அந்தச் சிறு பரப்பில் 5 அளவைத் தொட்ட, தாண்டிய நிலநடுக்கங்கள் இருபதுக்கு மேல் வந்துவிட்டன.

கொய்னாவில் என்னை மிகவும் கவர்வது அதன் பருவம். தென்மேற்குப் பருவமழையில் அணை மளமளவென்று நிறைகிறது. செப்டம்பர் வாக்கில் அதிர்வுகள் கூடுகின்றன. பிறகு நீர் இறங்கத் தொடங்கும் டிசம்பரை ஒட்டி இன்னொரு முறை கூடுகின்றன. ஹர்ஷ் குப்தாவும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் கணக்கெடுத்து, நீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, முந்தைய உச்சத்தைத் தாண்டுகிறதா என்பதெல்லாம் முக்கியம் என்று காட்டினார்கள். அழுத்தத்துக்கும் நினைவு உண்டு போலிருக்கிறது: ஒரு முறை தாங்கிய மட்டம் வரை பாறை பொறுத்துக்கொள்கிறது; அதைத் தாண்டும்போதுதான் முறுக்கிக்கொள்கிறது. இன்று அங்கே கோத்தனே கிராமத்தில் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, எரிமலைப் பாறைக்கு அடியில் உள்ள கருங்கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். கராடில் இதற்கென்றே மத்திய அரசின் ஆய்வுக்கூடம் இயங்குகிறது.

ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 2020 இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் சிறு நிலநடுக்கங்கள் வந்துகொண்டிருந்தன. 2024 புத்தாண்டு நாளில் 7.5 அளவில் பெரியதும் வந்தது. அதே ஆண்டு மே மாதம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பதினோரு ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தால், அந்த மண்ணுக்குள் அதிர்வலை செல்லும் வேகம் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைகிறது. பனியும் மழையும் கொட்டும் காலங்களில் நிலத்தடி அழுத்தம் மாறுவதே காரணம். சிறு நிலநடுக்கங்களின் கூட்டமும் அந்தத் தாளத்தோடு பொருந்துகிறது. பனியும் மழையும்தான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. முதன்மைக் காரணம் பூமிக்குள்தான்; வானம் நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துகிறது என்கிறார்கள்.

நேபாளத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மழைக்காலத்தில் சிறு நிலநடுக்கங்கள் குறைவு, குளிர்காலத்தில் அதிகம். கங்கைச் சமவெளி முழுவதும் மழைநீர் தேங்கும்போது அதன் எடை தட்டை வளைத்து, இமயத்தின் அடிப் பிளவை இறுக்கிவிடுகிறது. நீர் வடிந்ததும் பிடி தளர்கிறது. நான் சொற்பம் என்று தள்ளிய எடைதான் இது. பல லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து நின்றால் அதற்கும் சக்தி வந்துவிடுகிறது. மழை வந்தால் நிலநடுக்கம் கூடும் என்று பொதுவிதி எழுத முடியாது என்பதற்கு நேபாளமே சாட்சி.

இப்போது குடியாத்தத்துக்குத் திரும்பலாம். பெரியப்பாவின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும்: ஆழம். 2021 நவம்பர் 29 நிலநடுக்கத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆழம் 25 கி.மீ. நாலு கிலோமீட்டருக்குப் பத்து நாள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 25 கி.மீ.க்கு அழுத்தம் பரவ ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த மாதம் பெய்த மழை அந்த மாதமே அங்கே போயிருக்க வழியில்லை. சிறு நிலநடுக்கங்களின் ஆழக் கணிப்பில் பிழை இருக்கலாம் என்பதும் உண்மை. பக்கத்தில் கருவிகள் அடர்த்தியாக இல்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். இருந்தாலும் அறிவித்த எண்ணை நம்பினால், மழைமீது பழி போட முடியாது.

2023 டிசம்பரில் இன்னொன்று. மிக்ஜாம் புயல் சென்னையையும் செங்கல்பட்டையும் புரட்டிப்போட்டது டிசம்பர் முதல் வாரம். டிசம்பர் 8 காலை 7.39-க்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 3.2 அளவில் அதிர்வு. ஆழம் 10 கி.மீ. என்றார்கள். இந்தப் பத்து கிலோமீட்டரைப் பார்க்கும்போது கவனம் வேண்டும்; ஆழம் துல்லியமாகத் தெரியாதபோது உலகெங்கும் ஆய்வு மையங்கள் வழக்கமாக வைக்கும் எண் அது. வெள்ளம் வடியும் முன்னே பூமி ஆடியதும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாத வாட்ஸ்அப் குழுவே இல்லை.

அந்தச் செங்கல்பட்டு அதிர்வுக்குப் பத்தே நாளில், டிசம்பர் 17, 18-இல், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. தமிழ்நாட்டுச் சமவெளியில் யாரும் நினைத்துப் பார்க்காத அளவு. தாமிரபரணி ஊர் ஊராகப் புகுந்தது. பூமி ஆடவில்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின்னும் ஆடவில்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணையின் மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கும்படி கேரளத்தில் மழை பெய்தது; அதற்குப் பின்னும் பெரிய நிலநடுக்கம் எதுவும் வரவில்லை. மழை பெய்து ஆடியதை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். மழை பெய்து ஆடாத நாட்களை யாரும் குறித்து வைப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு.

வடக்கு கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் கடிகேஷ்வர் என்ற கிராமம். 2021 அக்டோபரில், நல்ல மழைக்குப் பிறகு, தரைக்கடியிலிருந்து சத்தமும் அதிர்வுமாக வந்துகொண்டே இருந்ததால் மக்கள் வீட்டுக்குள் படுக்கவே அஞ்சினார்கள். அங்கே போய்ப் பார்த்த அறிவியலாளர்கள், மேலோட்டமான ஆழத்தில் மழைநீர் தூண்டும் அதிர்வாக இருக்கலாம் என்றார்கள். குறைந்த ஆழம், தொடர்ந்து வரும் சிறு அதிர்வுகள், கூடவே சத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மழையைச் சந்தேகிக்க இடமுண்டு. ஆழத்தில் ஒற்றையாக வந்து போவது வேறு வகை.

மதுரை ஏன் ஒவ்வொரு ஐப்பசியும் ஆடுவதில்லை? அழுத்தம்தான் அரை பார் ஏறுகிறதே! பாலக்காடு, காவிரி பக்கத்திலிருந்து அச்சன்கோவில் வரை உள்ள இந்தப் பாறைத் துண்டுக்கு நிலவியலாளர்கள் மதுரைப் பாளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சார்னோகைட்டும் நைசும் நிறைந்த மிகப் பழைய பாறை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் கடைசியாக வெந்து உருமாறியது. இங்கே விசை சேரும் வேகம் மிக மிகக் குறைவு. நழுவும் நிலைக்கு வந்து காத்திருக்கும் பிளவுகள் அரிது. நிறைந்து தளும்பும் குடத்துக்கு ஒரு சொட்டு போதும். கால் குடத்தில் ஒரு செம்பு ஊற்றினாலும் வழியாது.

மழை முடிந்த மாலையில் ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பாருங்கள். நீண்டு படுத்திருக்கும் அந்த ஒற்றைப் பாறையின் பக்கவாட்டில் கறுப்புக் கறுப்பாக நீர்த்தடம் இறங்கும். பெய்ததெல்லாம் வழிந்து அடிவாரத்துக்கு வந்துவிடுகிறது. உள்ளே போக வாசல் இல்லை. திருப்பரங்குன்றமும் அப்படித்தான். மதுரைப் பாளத்தின் ஆழம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த மலைகளே மாதிரி. 2024 அக்டோபர் 25 அன்று ஏறக்குறைய 10 செ.மீ. மழை பெய்து செல்லூரும் பி.பி.குளமும் மிதந்தன. கண்மாய் உடையுமோ என்றுதான் அன்று பயந்தோம். அது சரியான பயம். 2002-இல் வெளியான இந்திய நில அதிர்வு மண்டல வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம். சென்னையும் கோவையும் மூன்றாம் மண்டலம். கோவை அதில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: 1900 பிப்ரவரி 8 அன்று அங்கே ஏறக்குறைய 6 அளவில் வந்த நிலநடுக்கம். அது மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் மாசிக்கு முந்தைய நாட்கள்.

மழைக்காலத்தில் "பூமி ஆடிருச்சு" என்று எங்கள் பக்கம் கிளம்பும் பேச்சுக்குப் பின்னால் வேறு காரணங்களும் உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பட்டதும் ஊறி உப்பும். அதன்மேல் ஆழமில்லாத அடித்தளம் போட்டுக் கட்டிய வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். இரவில் "டப்" என்று சத்தம்கூடக் கேட்கும். மேலூர்ப் பக்கமோ கல் குவாரி வெடி. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுக்கும், தட்டு அசையும். இவற்றையும் நிலநடுக்கத்தையும் பிரிக்க ஒரே வழி, பக்கத்தில் கருவி இருப்பது.

முல்லைப் பெரியாறைப் பற்றிப் பேசாமல் மதுரைக்காரன் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாக வரும் தண்ணீரில்தான் வைகை அணை நிரம்புகிறது. எங்கள் நெல்லும் குடிநீரும் அதுதான். அணை இருக்கும் இடுக்கி வட்டாரம் நம் சமவெளி மாதிரி அசையாத நிலம் என்று சொல்ல முடியாது. 1988-இல் நெடுங்கண்டம் அருகே 4.5, 2000 டிசம்பர் 12-இல் ஈராட்டுப்பேட்டை அருகே 5.0. 2011-இல் வந்த சிறு அதிர்வுகளுக்குப் பிறகு இரு மாநிலத்திலும் பயமும் கோபமும் பற்றிக்கொண்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2012-இல் அணை நில அதிர்வைப் பொறுத்தும் பாதுகாப்பானது என்று அறிக்கை கொடுத்தது. 2014-இல் 142 அடி வரை தேக்க அனுமதி வந்தது. மழை, நீர்மட்டம், அதிர்வு மூன்றையும் ஒரே தாளில் நாள்வாரியாகப் போட்டு இரு மாநில மக்களுக்கும் தெரியும்படி வெளியிட்டால், கொய்னா மாதிரி இங்கே ஏதாவது தாளம் இருக்கிறதா இல்லையா என்பது பத்து ஆண்டில் தெரிந்துவிடும். மேடையில் பேசுவதைவிட அது இரு பக்கத்து விவசாயிக்கும் உதவும்.

மலைப்பகுதிகளில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. மழை நிலநடுக்கத்தைக் கொண்டு வராவிட்டாலும், மழையில் ஊறிய மலையில் நிலநடுக்கம் வந்தால் சேதம் பல மடங்கு. 2011 செப்டம்பர் 18 அன்று, மழைக்காலத்தின் கடைசியில், சிக்கிமில் 6.9 அளவில் பூமி ஆடியபோது சரிவுகள் வரிசையாக இறங்கிச் சாலைகளை மூடிவிட்டன. போடிமெட்டுச் சாலையிலும் கொடைக்கானல் மலைப்பாதையிலும் வெறும் மழைக்கே மண் சரிகிறது. மிதமான ஓர் அதிர்வு அந்த நேரத்தில் வந்தால் போதும்.

இதையெல்லாம் அளக்கும் கருவிகள் நமக்குப் புதிதல்ல. கொடைக்கானலில் 1899-லேயே நிலநடுக்கமானி வைத்தார்கள். இந்தியாவின் முதல் சில கருவிகளில் அதுவும் ஒன்று. கிணறுகளைப் பொறுத்தவரை, மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. மாநில நீர்வளத் துறை மாதம் ஒரு முறை அளக்கிறது. பாசனத்துக்கு அது போதும். மழை பெய்து பத்தாம் நாள் வரும் அதிர்வைப் பிடிக்க அது போதாது. தானாக மணிக்கொரு முறை பதியும் கருவிகளை இப்போது ஆங்காங்கே போர்க் குழாய்களில் இறக்கி வருகிறார்கள். அப்படி ஒரு கருவி எங்கோ நடந்த நிலநடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும்: 2004 சுமத்ரா நிலநடுக்கத்தின் அலை கடந்தபோது, பூமியின் மறுபக்கம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிணற்றில் தண்ணீர் ஏறக்குறைய மூன்றடி ஏறி இறங்கியது. வேலூர், செங்கல்பட்டு, இடுக்கி எல்லையோரத்தில் நிலநடுக்கமானிக்குப் பக்கத்திலேயே ஒரு போரில் இந்தக் கருவியையும் இறக்கினால், ஆழம் எவ்வளவு, அழுத்தம் எப்போது ஏறியது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சொன்னேன். டம்ளர் கதையை ரசித்துக் கேட்டார். இருபது படிக் கணக்கைச் சொன்னபோது, "அதான் வெடிப்புல நிக்கிதுல்ல, பெறகு ஏறாம என்ன செய்யும்?" என்றார். 2021-லிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழித்த பின் எறியாமல், பின்பக்கம் படிக் கணக்கு எழுதிக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். ஐப்பசி பதினாலு, பதினெட்டாம் படி. கார்த்திகை மூணு, ஒம்பதாம் படி. அதைப் பார்த்து ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: தேதி, மழை, படி. கடைசியில் அதிர்வு என்று ஒரு கட்டம். ஒவ்வொரு நாளும் முதல் மூன்றையும் நிரப்பிவிட்டு, நாலாவதில் மறக்காமல் "இல்லை" என்று எழுதுகிறார்.